மறுபாதியின்மீது விழுந்த ஒளி

நுழையும்முன்

நாளிதழில் குற்றச்செய்தியைப் படிக்கும் நாம், குற்றவாளி யார் என்பதை அறிந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். குற்றம் விளைந்த சூழலை எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வாறு எண்ணிப் பார்த்த செய்தியாளர் ஒருவரின் உழைப்பு, ஒரு மாநகரின் முகத்தையே மாற்றத் துணைநின்றது.

அம்பலம் ஏறாத சொல்

டென்மார்க்கின் ரீபே என்னும் ஊரில் 1849ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேக்கப் ரீஸ். தச்சுத்தொழில் கற்ற அவர், 1870இல் அமெரிக்காவில் குடியேறினார். நிலையான வேலையின்றிப் பசியோடு அலைந்த அவர், மழை பெய்த ஓர் இரவில் நியூயார்க் காவல் நிலையம் ஒன்றில் வறியோர் தங்கும் அறையில் ஒதுங்கினார். அங்கே அவரது பொற்சிமிழ் களவுபோயிற்று. முறையிட்ட அவரையே வெளியே தள்ளினர்; அவரைப் பின்தொடர்ந்து வந்த நாயும் அடித்துக் கொல்லப்பட்டது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதை அவர் அன்று பட்டறிந்தார்.

குற்றத்தின் விளைநிலம்

1877இல் அவர் ‘நியூயார்க் டிரிபியூன்’ நாளிதழின் காவல்துறைச் செய்தியாளரானார். கொலை, களவு, தீ விபத்து எனச் செய்தி எதுவாயினும், அது அவரை மல்பெரி தெருவை ஒட்டிய சந்துகளுக்கே மீண்டும் மீண்டும் அழைத்துச் சென்றது. அங்கிருந்த அடுக்குக் குடியிருப்புகளில் காற்றும் வெளிச்சமும் புகாத உள்ளறைகள் பல. ஒரே அறையில் பலர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். இத்தகைய வாழிடங்களே குற்றத்திற்கும் நோய்க்கும் விளைநிலம் என அவர் எழுதினார்.

எழுத்தைப் படித்தவர் பலர். மனம் அசைந்தவர் சிலரே. 1887இல் மக்னீசியப் பொடியை எரித்து இருளிலும் ஒளிப்படம் எடுக்கலாம் என்பதை அறிந்து, அம்முறையைக் கைக்கொண்டார். 1890இல் வெளிவந்த ‘மறுபாதியினர் வாழும் வகை’ என்னும் பொருளுடைய அவரது நூல், நகரின் மனச்சான்றை உலுக்கியது.

கனிந்த பயன்

அந்நூலால் ஈர்க்கப்பட்ட தியோடர் ரூஸ்வெல்ட், 1895இல் நகரக் காவல் வாரியத் தலைவரானதும் ரீஸுடன் இரவுகளில் தெருக்களைச் சுற்றிவந்தார். முன்பு ரீஸ் அவமதிக்கப்பட்டது போன்ற காவல் நிலையத் தங்கறைகள் 1896இல் மூடப்பட்டன. மல்பெரி பெண்ட் பகுதியின் நெரிசல்மிக்க குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 1897இல் பூங்கா திறக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், புதிய கட்டடங்களின் அறைகளுக்குச் சாளரம் தேவை என வரையறுத்தது.

எனினும், அவரது எழுத்திலும் குறை உண்டு. சீனர், யூதர், இத்தாலியர் முதலிய குடியேறிகளை இன அடிப்படையில் இழித்துரைக்கும் இடங்கள் அந்நூலில் உள்ளன. வறுமையின் காரணத்தை ஆராய்ந்த கண்ணும் தன் காலத்தின் காழ்ப்பிலிருந்து முழுவதும் விடுபடவில்லை. பிறர்மீது ஒளி பாய்ச்சுவோர் தம் உள்ளத்திலும் அவ்வொளியைச் செலுத்த வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை உணர்த்தும் மற்றொரு பாடம்.

கற்பவை கற்றபின்

நாளிதழில் வெளிவந்த குற்றச்செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் கூறப்படாத சமூகச் சூழல்கள் எவையாக இருக்கலாம் என வகுப்பில் கலந்துரையாடுக.