திரளாத கிருமி

காலரா நோயைத் தோற்றுவிப்பது விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியா. அதன் புற உறையில் கொழுப்பும் சர்க்கரைத் தொடரும் இணைந்த லிப்போபாலிசாக்கரைடு அமைந்துள்ளது. இதனை அகநச்சு என்பர். பேதிக்குக் காரணம் இக்கிருமி சுரக்கும் வேறொரு நச்சு. ஆயினும் கிருமியின் வகையை அடையாளம் காட்டுவது அகநச்சின் வெளிப்புறச் சர்க்கரைத் தொடரே. ஒவ்வொரு தொடரையும் அதற்குரிய எதிர்ப்பொருளே பற்றும். ஓ1 வகைக்குரிய எதிர்ப்பொருள் கொண்ட சீரத்தை ஓ1 கிருமிகளுடன் கலந்தால் அவை உடனே திரளும்.

பெருவாரியாகப் பரவும் காலராவுக்கு ஓ1 வகையே காரணம் என்று அறிவியலார் நெடுங்காலம் கருதினர். 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் காலரா பரவியது. நோயாளிகளிடம் கண்ட கிருமிகளோ அச்சீரத்தில் திரளவில்லை. அறியப்பட்டிருந்த 138 வகைகளுக்குரிய சீரங்களைக் கொண்டும் சோதித்தனர். எதனோடும் அவை பொருந்தவில்லை. எனவே, அப்புதுவகை 'ஓ139' எனப் பெயர் பெற்றது.

ஓ1 வகையால் முன்பு நோயுற்றுப் பெற்ற எதிர்ப்பாற்றல் இதனைத் தடுக்கவில்லை. ஆதலால், காலரா அடிக்கடி தோன்றும் பகுதிகளில் பெரியவர்களும் மிகுதியாக நோயுற்றனர். கொல்கத்தாவிலும் வங்காளதேசத்திலும் இந்நோய் விரைந்து பரவியது. பின்னாளில் ஓ1, ஓ139 ஆகிய இரு வகைகளையும் கொண்டு ஐதராபாத்தில் தயாரிக்கப்பட்ட வாய்வழித் தடுப்புமருந்து, 2009இல் இந்தியாவில் உரிமம் பெற்றது.

சீரத்தில் கிருமி திரளாததைக் கண்டு, 'இது காலரா அன்று' என ஆய்வைக் கைவிட்டிருக்கலாம். நோயாளியின் நிலையையும் சோதனையின் விடையையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தமையால் புதிய கிருமி வெளிப்பட்டது. எதிர்பார்த்த விடை கிடைக்காதபோதும் வினாவைத் தொடர்வதே ஆய்வு.