பழகுநர் உரிமத் தேர்வுக்கு ஆயத்தமாவோம்

வண்டி ஓட்டப் பழகுமுன் பழகுநர் உரிமம் பெறுவது சட்டம். இதற்கு 18 வயது நிரம்ப வேண்டும். கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத இரு சக்கர வண்டிக்கு மட்டும் பெற்றோர் சம்மதத்துடன் 16 வயது போதும்.

தேர்வில் சாலைக் குறிகளைப் பற்றிக் கேட்பர். பொதுவாக, வட்டம் கட்டளையிடும்; முக்கோணம் எச்சரிக்கும்; நீள்சதுரம் தகவல் தரும்; எண்கோணம் ‘நில்’ என்னும். விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை யாது என்பதும் வினாவாகும். காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதே முதற்கடமை.

இவ்வுரிமம் 6 மாதம் செல்லும். 30 நாள் பழகிய பின்னரே ஓட்டுநர் தேர்வு.

அறுவடைக் காலத்தில் நம் திருவாரூர்ச் சாலைகளில் நெல் காயும். வளைவில் டிராக்டர் வரும். எனவே விடையை மட்டுமன்றி, விதியின் காரணத்தையும் கற்போம்.

பெற்றோரே! உரிமமில்லாத சிறுமியிடம் சாவியைத் தராதீர்கள். அவள் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி தங்களுக்கே 3 ஆண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் உண்டு.