வெட்டுவதா, காப்பதா?

பேருந்துச் சக்கரத்தில் நசுங்கிய கால் பிழைத்துவிட்டால், “டாக்டர் கைராசிக்காரர்” என்று சொல்லி மகிழ்கிறோம். கைராசிக்கும் முன்னே ஒரு கணக்கு இருக்கிறது. அதைப்பற்றியே எழுத விரும்புகிறேன்.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் வகுக்கப்பெற்று, 2006-ல் வெளியான மதிப்பீட்டு முறை அது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, சதை கிழிந்து, ஆனால் இரத்த ஓட்டம் அறுபடாத கால்களுக்கு உரியது. தோல், எலும்பு, தசை ஆகிய மூன்றின் சேதத்துக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை எண் இடுவர். சாக்கடைச் சேறு படிந்திருத்தல், 12 மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீரிழிவு முதலான ஏழு நிலைமைகளில் ஒவ்வொன்றுக்கும் 2 கூட்டுவர். மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழானால் காலைக் காக்கலாம். 17-ம் அதற்கு மேலுமானால் பெரும்பாலும் நீக்கிவிடுவதே நலம். 15, 16 தான் தர்மசங்கடம். அங்கே மருத்துவரின் அனுபவமே வழிகாட்ட வேண்டும். எனக்கு இம்முறையில் பிடித்ததே, இந்த இடைவெளியை மறைக்காமல் விட்டிருப்பதுதான்.

காலை நீக்குவது தோல்வியும் ஆகாது. 569 பேரை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்து, 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கால் காக்கப்பட்டவர்க்கும் இழந்தவர்க்கும் அன்றாட வாழ்வில் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்குப் போகும் துன்பம் காக்கப்பட்டவர்க்கே அதிகம்.

காப்பதென்று துணிந்தால், செத்த சதையைக் களைந்து எலும்பை நிலைநிறுத்துவர். தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ இரத்தக் குழாயோடு தசையை எடுத்து வந்து, நுண்ணோக்கியின் கீழ்க் குழாயோடு குழாயை இணைத்துத் தைப்பர். குதிகால்தான் சிக்கல். அங்கே கொழுப்பு சிறுசிறு அறைகளில் அடைபட்டு, மெத்தைபோல் உடற்பாரத்தைத் தாங்குகிறது. அத்தகைய மெத்தை உடம்பில் வேறெங்கும் கடன் கிடைக்காது!

உள்ளங்காலில் உணர்ச்சி இல்லாவிடில் காலை எடுத்துவிடுவதே சரி என்று முன்பு பலர் கருதினர். அதே ஆய்வுக் குழுவினர் 2005-ல் இதை மறுத்தனர். உணர்ச்சியின்றி வந்து கால் காக்கப்பட்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு, இரண்டாண்டில் அது திரும்பியிருந்தது. அறுந்துவிட்டதாகத் தோன்றிய நரம்பு, அடியின் அதிர்ச்சியில் செயலிழந்து மட்டுமே இருந்திருக்கிறது.

தாமதத்துக்கு 2, அழுக்குக்கு 2 என்று பார்த்தோமல்லவா? அவ்விரண்டும் ஓரளவு உடனிருப்பவர் கையில் உள்ளன. சுத்தமான துணியால் மூடி, அழுத்திப் பிடித்து, உடனே கொண்டுபோக வேண்டும். காயத்தில் காப்பித்தூள் அப்பும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் போகவில்லை. அப்பினால், அதையும் சேர்த்தே மருத்துவர் கழுவ வேண்டியிருக்கும்.