ஒரே பெயரில் இரண்டு பாஸ்புத்தகம்

வைகை அணை

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு பாஸ்புத்தகப் படங்களையும் வரிவரியாகப் பார்த்தேன். “ரெண்டுலயுமே ஒன்றரை லட்சத்தைத் தாண்டலையே மாமா, அப்புறம் எப்படித் தப்பாகும்?” என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்பதால் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் உன் அப்பாவும் படிப்பார்.

நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் அப்பா தபால் ஆபீசில் உன் பெயரில் ஒரு பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்குத் தொடங்கினார். ஏலக்காய்க் காசு கைக்கு வரும்போதெல்லாம் அதில் கட்டி, வருஷத்துக்கு ஒரு லட்சம் என்று வழக்கமாக்கிக்கொண்டார். 18 வயது முடிந்ததும் அது உன் கணக்காகிவிட்டது. அவர் கட்டுவதை நிறுத்தவில்லை, உனக்கும் அது நினைவில் இல்லை. வேலைக்குப் போனதும் பேங்க் செயலியில் நீயாக இன்னொரு பி.பி.எஃப். தொடங்கி, மாதம் 8,000 பிடிக்கச் சொன்னாய். அது வருஷத்துக்கு 96,000. இரண்டும் சேர்ந்து 1,96,000. வரம்போ 1,50,000. ஆக, வருஷா வருஷம் 46,000 கூடுதலாகப் போயிருக்கிறது.

அந்த ஒன்றரை லட்சம் ஆளுக்கான வரம்பு. எத்தனை பாஸ்புத்தகம் இருந்தாலும் நிதியாண்டுக்கு ஒருவருக்கு அவ்வளவுதான். சொல்லப்போனால் ஒருவர் தம் பெயரில் ஒரு பி.பி.எஃப். கணக்குத்தான் வைத்திருக்கலாம். 1968-இல் வந்த திட்டத்திலும் அப்படித்தான், அதற்குப் பதிலாக 2019 டிசம்பரில் வந்த புதிய திட்டத்திலும் அப்படித்தான். வேறு கணக்கு இல்லை என்று விண்ணப்பத்தில் ஓர் உறுதிமொழி உண்டு. செயலியில் அது ஒரு ‘டிக்’. யாரும் படிப்பதில்லை. மைனர் பிள்ளைக்குக் காப்பாளராக இருந்து கட்டுபவருக்கு, அவருடைய கணக்கும் பிள்ளையின் கணக்கும் சேர்த்தே ஒன்றரை லட்சம் என்பதையும் பல பெற்றோர் அறிவதில்லை.

நம் அணையில் நீர்மட்டம் 66 அடி தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. 71 அடி நிறையும் முன்பே கரையோர ஊர்களுக்கெல்லாம் சேதி போய்விடும். பி.பி.எஃப்.பில் அப்படி எந்த எச்சரிக்கையும் வராது. ஒரே கணக்கில் மிஞ்சினால் பெரும்பாலும் கணினியே வாங்க மறுத்துவிடும். ஒன்று தபால் ஆபீசிலும் மற்றொன்று பேங்கிலும் இருந்தால், இதன் பேரேடு அதற்குத் தெரியாது. உன்னைப்போல விவரமான பிள்ளைகள் மாட்டுவது இந்த இடைவெளியில்தான்.

மாட்டினால் என்ன ஆகும்? அபராதமோ வழக்கோ இல்லை, பயப்படாதே. மிகுதிப் பணத்துக்கு வட்டி கிடையாது, அசல் மட்டும் திரும்ப வரும். அதை வருமான வரிக் கழிவிலும் காட்ட முடியாது. 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதம். 46,000-க்கு ஒரு வருஷ வட்டி 3,266 ரூபாய். 15 வருஷத் திட்டத்தில் இந்தப் பிழை பத்து வருஷம் கழித்துத் தெரிந்தால், வட்டிக்கு வட்டியாக எவ்வளவு கரைந்திருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ என்று நம்பியிருக்கும் தொகை, முதிர்வு நாளன்று குறைந்து வந்து நிற்கும். மூன்று வருஷத்திலேயே கண்டுபிடித்துவிட்டாய், அது நல்லது.

கனடாவில் இதே பிழைக்கு வேறு விதமான விலை. அங்கே 2009-இல் வரியில்லாச் சேமிப்புக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். 2024-க்கான வரம்பு 7,000 டாலர். மிஞ்சிய தொகைக்கு, அது கணக்கில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு சதவீதம் வரி. 2,000 டாலர் கூடுதலாகப் போட்டால் மாதம் 20 டாலர் போகும். நடுவில் எடுத்த பணத்தை அதே வருஷம் திரும்பப் போடுகிறவர்கள்தான் அங்கே அதிகம் சிக்குகிறார்கள். எடுத்த அளவுக்கான இடம் அடுத்த ஜனவரியில்தான் மறுபடி கிடைக்கும். இங்கேயும் பணம் எடுத்ததால் அந்த வருஷத்துக்கான வரம்பு கூடுவதில்லை, அதைக் கவனத்தில் வை. அங்கே பயன்படுத்தாத வரம்பு அடுத்த வருஷத்துக்கும் தொடரும். நம் பி.பி.எஃப்.பில் மார்ச் 31-உடன் அது தீர்ந்துவிடும்.

வரம்பே அநியாயம் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருப்பாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி கேட்காத திட்டம் இது. வரம்பு இல்லையென்றால் கோடி வைத்திருப்பவர்தான் முதலில் வந்து நிரப்புவார், அவர் கட்டாத வரியின் சுமை நம் தலையில் விழும்.

இனி செய்ய வேண்டியது. இப்படிப்பட்ட கணக்குகளை ஒழுங்குபடுத்த நிதி அமைச்சகம் 2024-இல் ஒரு வழிமுறை தந்தது, அக்டோபர் 1-இலிருந்து நடைமுறை. இரண்டில் எதைத் தொடர விரும்புகிறாயோ அதை முதன்மைக் கணக்காக நீயே தேர்ந்தெடுக்கலாம். மற்றதில் உள்ள பணம், ஒவ்வொரு வருஷ வரம்புக்கும் உட்பட்ட அளவில் அதோடு சேரும். மீதி வட்டியில்லாமல் உன் கைக்கு வரும். மூன்றாவது கணக்கு இருந்தால் அதற்குத் தொடங்கிய நாளிலிருந்தே வட்டி இல்லை. உன் விஷயத்தில் தபால் ஆபீஸ் கணக்கையே முதன்மையாக வை, அது பழையது, முதிர்வும் அருகில். பேங்கில் மாதம் பிடிப்பதை இன்றைக்கே நிறுத்து.

உன் அப்பாவிடம் பக்குவமாகப் பேசு. மகளுக்குச் சேர்த்த பணத்தில் தவறு என்று சொன்னால் அவர் மனசு நோகும். இனி அந்த ஒரு லட்சத்தை அவர் தம் பெயரிலேயே ஒரு பி.பி.எஃப். தொடங்கிக் கட்டட்டும், அவருக்கென்று தனியாக ஒன்றரை லட்சம் இருக்கிறது. உன் அம்மாவுக்கும் உண்டு.

காசோலையில் கட்டினால் ஒன்றைப் பார்த்துக்கொள். பணம் சேரும் நாள்தான் கணக்கு. மார்ச் கடைசியில் கொடுத்த காசோலை ஏப்ரலில் பணமானால் அது புது வருஷக் கணக்கில் விழும். அது தெரியாமல் ஏப்ரலில் முழு ஒன்றரை லட்சத்தையும் கட்டினால் மறுபடியும் மிகுதிதான். ஏப்ரல் 5-க்குள் கட்டினால் அந்த மாதத்துக்கும் வட்டி உண்டு என்று எல்லோரும் அப்போது அவசரப்படுவார்கள். நீ கட்டும் முன் பாஸ்புத்தகத்தில் ஏப்ரல் வரவுகளைப் பார்.

கணக்குகளைச் சேர்க்கக் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் இரண்டு கணக்கு எண், தொடங்கிய தேதி, வருஷவாரியாகக் கட்டிய தொகை, எதை முதன்மையாக வைக்கிறாய் என்பது நான்கும் இருக்கட்டும். இரண்டு பாஸ்புத்தகத்தின் நகலையும் சேர்த்துக் கொடு, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதே. எழுதியதை முதலில் எனக்கு அனுப்பு, கூட்டல் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மாமா