சபையாரின் பாட்டைத் தாங்கும் மாண்டலின்



மாண்டலின் என்றதும் அநேகருக்கு உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஞாபகம் வருவார். அவர் ராகங்களைச் சுரம் சுரமாக வாசித்தார். சபையாருடன் வாசிக்கிறவர்களுக்கு வேலை வேறு. பாட்டை அவங்க பாடுவாங்க; அதைத் தாங்குகிற கார்டும் தாளமும்தான் நம்முடையது.

வீட்டு ஜெபக்கூட்டங்களில் நான் வாசிப்பது இதைத்தான். கரண்ட் போனால் கீபோர்ட் நின்றுவிடும். ஒருவர் வேகமாக, ஒருவர் மெதுவாகப் பாட, வயதான தாய்மார் பாதியிலேயே பாட்டை விட்டுவிடுவார்கள். கரண்ட் வேண்டாத இந்தச் சின்ன வாத்தியம் அப்போது எல்லாரையும் ஒன்றாகச் சேர்க்கும்.

முதலாவது, சுருதி. 8 தந்திகள், 4 ஜோடிகள். தடித்த ஜோடியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ. வயலினுக்கும் இதே வரிசைதான். ஜோடியின் இரண்டு தந்தியும் ஒரே சுரமாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, மூன்று கார்டுகள். சொல்லாத தந்திகளை விரல் வைக்காமல் அடியுங்கள்.
ஜி கார்டு: ஏ தந்தியில் 2-ஆம் ஃபிரெட், ஈ தந்தியில் 3.
சி கார்டு: டி தந்தியில் 2, ஏ தந்தியில் 3.
டி கார்டு: ஜி தந்தியில் 2, ஈ தந்தியில் 2.
இந்த மூன்றை வைத்தே எத்தனையோ பாடல்களுக்கு வாசிக்கலாம்.

மூன்றாவது, வலது கை. 4 எண்ணிக்கைப் பாட்டில் 1, 3-க்குத் தடித்த தந்திகளை மெதுவாகத் தட்டுங்கள். 2, 4-க்கு மெல்லிய தந்திகளைச் சுருக்கென்று அடித்து, உடனே உள்ளங்கை ஓரத்தால் ஒலியை அடக்குங்கள். 3 எண்ணிக்கையானால் முதல் அடி தடித்த தந்தி, மற்ற இரண்டும் மெல்லிய தந்தி. அமெரிக்காவின் பில் மன்றோ (1911–1996) பாட்டுக்கு நடுவே இப்படி வெட்டி வெட்டி அடித்தே மத்தளம் இல்லாத குறையைத் தீர்த்தார்.

கார்டு மாற்ற விரல் தாமதிக்குதா? வலது கையை மட்டும் நிறுத்தாதீங்க. ஒரு கார்டு தப்பினாலும் சபை பாடிக்கொண்டே போகும். தாளம் நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

நான்காவது, காது. ஜி-யில் பாடுவது கஷ்டமாயிருந்தால் டி-யில் ஆரம்பித்துப் பாருங்கள். அதற்கு டி, ஜி, ஏ கார்டுகள் போதும். ஏ கார்டுக்கு ஜி, டி தந்திகள் இரண்டிலும் 2-ஆம் ஃபிரெட்டை ஆள்காட்டி விரலால் சேர்த்து அழுத்துங்கள்.

தினமும் 10 நிமிடம், வாய்விட்டுப் பாடிக்கொண்டே பழகுங்கள். கூட்டத்தில் பின்வரிசைத் தாயாரின் குரல் உங்கள் காதில் விழவில்லையானால், நீங்கள் பலமாக அடிக்கிறீர்கள் என்று அர்த்தம். கையைத் தாழ்த்துங்கள்; அவங்க பாடட்டும்.