பிரமாதமும் பிரதிக்கிரமணமும்

(இளைஞர்க்கும் பெற்றோர்க்கும் ஓர் அறப்பாடம்)



'பிரமாதம்' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பாராட்டாகவே வழங்கி வருகிறோம். விருந்து பிரமாதம், கச்சேரி பிரமாதம் என்கிறோம். நம் ஆகமங்களிலோ அச்சொல்லின் பொருள் வேறு. விழிப்பின்மை, அசட்டை, செய்ய வேண்டுவதில் கருத்தின்மை என்பனவே அங்கு அதன் பொருளாம். இவ்விரு பொருள்களும் ஒரே செயலில் கூடி நிற்பதை எனக்கு உணர்த்தியவன் ஓர் இளைஞன். அவன் இசைவு பெற்றே, ஊரும் பேரும் கூறாது, இப்பாடத்தை எழுதுகின்றேன்.

நிகழ்ந்தது

அவன் அன்னை என்னிடம் ஐந்தாம் வகுப்புப் பயின்றவள். அவனுக்கு இப்பொழுது வயது 24. சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் அவள் என் இல்லம் வந்து, "டீச்சர், வீட்டில் கார் இருக்கிறது. இவனிடம் உரிமமும் இருக்கிறது. ஆனால் ஐந்து ஆண்டுகளாக எந்த வண்டியையும் தொடமாட்டேன் என்கிறான். கண்ணில் புரை விழுந்த இவன் அப்பாதான் இரவிலும் ஓட்டுகிறார். காரணம் கேட்டால் வாய் திறப்பதில்லை. நீங்கள் கேட்டுப் பாருங்கள்" என்று கண் கலங்கினாள்.

மறுநாள் அவன் வந்தான். நெடுநேரம் தரையையே நோக்கியிருந்து, பின் கூறலானான். கல்லூரியில் பயின்ற காலத்தில் தந்தையின் மோட்டார் சைக்கிளில் நண்பனைப் பின்னே ஏற்றிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து வந்தவாசி நோக்கிச் சென்றிருக்கிறான். முன்னே சென்ற பேருந்தோடு போட்டி. ஒரு வளைவில் அதனை முந்தியபோது, எதிரே சைக்கிளில் புல்லுக்கட்டோடு ஒரு முதியவர் வந்துவிட்டார். அவர் அஞ்சிச் சாலையை விட்டு இறங்கியதும், கட்டோடு சாய்ந்ததும் பக்கக் கண்ணாடியில் தெரிந்தன. பின்னிருந்த நண்பனோ அதைக் காணாமல், "பிரமாதம்டா!" என்று முதுகில் தட்டினான். இவன் வண்டியை நிறுத்தவில்லை.

"பாட்டி, நான் யாரையும் இடிக்கவில்லை. ஆனால் அவர் எழுந்தாரா இல்லையா என்றும் பார்க்கவில்லை. நான் ஓர் உயிரைக் கொன்றவனா, இல்லையா? அதுகூட எனக்குத் தெரியாது."

'நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு தம்பி' என்று கூறுவது எளிது. அவ்வாறு கூற எனக்கு நா எழவில்லை. அவன் வினா பொய்யான வினா அன்று. ஆகவே விடையும் மெய்யானதாக இருத்தல் வேண்டும்.

முதற்பாடம்: குற்றம் எங்கே இருக்கிறது?

ஓர் உயிர் இறந்ததா, பிழைத்ததா என்பதை மட்டும் கொண்டு ஹிம்சையை அளப்பது நம் மரபன்று. புறத்தே நிகழும் கொலை திரவிய ஹிம்சை. உள்ளத்தில் நிகழும் அசட்டையும் கொடுமையும் பாவ ஹிம்சை. விழிப்போடு அடியெடுத்து வைக்கும் முனிவரின் காலடியில், அவர் அறியாமலே ஒரு சிற்றுயிர் மடிந்தாலும் அவரைக் கொலைவினை பற்றுவதில்லை. விழிப்பின்றி ஓடுபவனோ, ஓர் எறும்பும் மடியாவிடினும் ஹிம்சை புரிந்தவனே ஆகிறான்.

ஆதலின் அவனுக்கு நான் கூறிய முதல் விடை இது: "தம்பி, அந்த முதியவர் அன்றே எழுந்து நடந்திருந்தாலும் உன் குற்றம் குற்றமே. உன் மனம் உறுத்துவது நோயன்று. அஃது உன் நற்காட்சி இன்னும் மங்கவில்லை என்பதற்கு அடையாளம்."

பிரமாதம் 15 வகைப்படும் என்பர். வீண்பேச்சாகிய விகதைகள் 4, கஷாயங்கள் 4, புலன்கள் 5, உறக்கம் 1, பற்று 1. இவற்றை ஒரு தாளில் எழுதி, அன்று தன்னிடம் இருந்தவற்றை அடிக்கோடிடச் சொன்னேன். முதலில் 'மானம்' என்னும் செருக்கை அடிக்கோடிட்டான். பேருந்துக்குப் பின்னால் செல்வது இழிவென்று எண்ணியது அது. பிறகு, பின்னால் இருந்தவனின் பாராட்டை நாடிய பற்று. அதன்பின், காற்று முகத்தில் மோதும் இன்பத்தை விழைந்த புலன். நில்லாமல் சென்றதை மறைக்க நண்பனிடம் சிரித்துப் பேசியது மாயை. இன்றைய சாலைகளில் கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டுவது விகதை. கண் சொருகியும் ஓட்டுவது உறக்கம். பழைய பட்டியலுக்குள் அடங்காத புதிய பிழை ஒன்றும் இல்லை என்பதை வாசகர் காண்க.

மேலும் அப்பயணத்தில் அவசரம் எதுவும் இல்லை. இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் என்று ஒன்றுண்டு. பயனின்றிப் பிறர்க்குத் துன்பம் விளைக்கும் செயல்களை விலக்குவது அது. அச்செயல்களை ஐந்தாக வகுத்த பெரியோர், அவற்றுள் ஒன்றாகப் 'பிரமாதசரியை'யை வைத்திருத்தல் கருதத்தக்கது.

இரண்டாம் பாடம்: நுகத்தடி அளவு

நம் முனிவர்கள் வாகனம் ஏறுவதில்லை. பகல் வெளிச்சத்தில், முன்னே நுகத்தடி அளவு, அதாவது நான்கு முழ நிலத்தைப் பார்த்துப் பார்த்து நடப்பர். இதுவே ஈர்யா சமிதி. வண்டி ஓட்டும் இல்லறத்தானுக்கு இதனால் என்ன பயன் என்று வினவலாம். இதன் உட்கருத்து ஒன்றே: கண்ணுக்குத் தெரியும் இடத்திற்குள் நிற்க முடிந்த வேகத்திலேயே செல்லுதல்.

கரும்பலகைக் கணக்காக இதனைப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் செல்லும். கண் கண்டு, கையும் காலும் பிரேக்கை இயக்க ஒரு நொடி என்று கொள்வோம். பிறகு உலர்ந்த சாலையில், நல்ல நிலையிலுள்ள வண்டி நிற்க இன்னும் 9 மீட்டர் வேண்டும். மொத்தம் 20 மீட்டர். வேகம் 80 ஆனால் அந்த ஒரு நொடியிலேயே 22 மீட்டர் கடந்துவிடும். வேகம் இரு மடங்காயின் பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவு நான்கு மடங்காதலின், அது 35 மீட்டருக்கு மேல். மொத்தம் ஏறத்தாழ 57 மீட்டர்.

வளைவில் முன்னே 30 மீட்டர்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்க. 40இல் வருபவன் நின்றபின் இன்னும் 10 மீட்டர் மிஞ்சும். 80இல் வருபவனோ பிரேக் பற்றத் தொடங்கும்போதே 22 மீட்டரை இழந்திருப்பான். எஞ்சிய 8 மீட்டரில் எத்திறமையும் அவனுக்கு உதவாது. அன்று உயிர் தப்பியது அவன் திறமையால் அன்று. சைக்கிளை மண்ணில் இறக்கிய முதியவரின் விழிப்பினால். இக்கணக்கைப் போட்டு முடித்தபோது அவன் அழுதான்.

மத்திய அரசின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கும் மேல். அவர்களுள் பத்தில் ஏழு பேர் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் மாண்டவர்கள் என்பதை எண்ணுக.

மூன்றாம் பாடம்: உறுத்தல் வேறு, பரிகாரம் வேறு

குற்றத்தை உணர்ந்தவன் ஐந்தாண்டுகள் என்ன செய்தான்? இரவில் உறங்கவில்லை. வண்டியைத் தொடவில்லை. 'இதுவே எனக்குத் தண்டனை' என்று தானே தீர்ப்பளித்துக்கொண்டான். ஆயின் அத்தண்டனையைச் சுமந்தவர் யார்? புரை விழுந்த கண்ணோடு இரவில் ஓட்டிய தந்தை. அவர் எதிரே வந்த, பெயரறியாப் பிறர். ஒரு விழிப்பின்மைக்குப் பரிகாரமாக இன்னொரு விழிப்பின்மை முளைத்துவிட்டது!

தியானம் நான்கு வகை. ஆர்த்தம், ரௌத்திரம் இரண்டும் தள்ளத்தக்கவை. தருமம், சுக்கிலம் இரண்டும் கொள்ளத்தக்கவை. துன்பத்தையே சுற்றிச் சுற்றி நினைந்து மாய்வது ஆர்த்தத்தின் பாற்பட்டது. அதனால் பழைய வினை உதிர்வதில்லை, புதுவினையே ஊறும். உயிர்கள் தீநெறியினின்று எவ்வாறு மீளும் என்று ஆராய்வதோ அபாய விசயம் என்னும் தருமத் தியானமாகும். நினைவு ஒன்றே, அதனைத் திருப்பும் திசையே வேறு.

அகத்தவங்களுள் முதலாவது பிராயச்சித்தம். அதன் தொடக்கம் ஆலோசனை: செய்ததை ஒளியாமல் உரைத்தல். அடுத்தது பிரதிக்கிரமணம்: தவற்றினின்று திரும்பி வருதல். இனிச் செய்யேன் என்று விலக்குவது பிரத்தியாக்கியானம். இவ்வரிசைப்படியே செய்வோம் என்றேன்.

முதலில் பெற்றோரிடம் உரைத்தான். தந்தை வெகுநேரம் பேசாதிருந்து, "உரிமம் வாங்கிய மறுநாளே சாவியைக் கொடுத்தவன் நானல்லவா?" என்றார்.

பின்பு ஒரு ஞாயிறன்று அவனும் நானும் பேருந்தில் அவ்வளைவிற்குச் சென்றோம். அங்கிருந்த தேநீர்க் கடைக்காரரிடம் ஆண்டும் மாதமும் கூறி, புல்லுக்கட்டோடு விழுந்த முதியவரைப் பற்றி வினவினான். அவர், "இந்த வளைவில் விழாதவர் யார், தம்பி? நீங்கள் எந்தப் பெரியவரைக் கேட்கிறீர்கள்?" என்றார். அண்டையிலுள்ள இரு சிற்றூர்களிலும் கேட்டோம். காவல் நிலையத்திற்கும் சென்று, நடந்ததை மறைக்காமல் கூறி விசாரித்தான். அந்நாளுக்குரிய புகார் எதுவும் பதிவில் இல்லை என்றனர்.

மன்னிப்பளிக்க வேண்டியவர் கிடைக்கவில்லை. இது கசப்பான உண்மை. க்ஷமாவணி நாளில் கைகூப்பி எல்லாரிடமும் பிழை பொறுக்க வேண்டுகிறோமே, நேரில் காண இயலாத உயிர்களிடமும் வேண்டுகிறோமே, அஃது ஏன் என்பது அன்றுதான் எனக்கும் விளங்கிற்று. அவன் அவ்வளைவின் ஓரத்தில் நின்று காயோத்சர்க்கம் செய்தான். பின்னர், சாதுர்மாசத்தில் தங்கியிருந்த முனிவரிடம் அனைத்தையும் உரைத்தான். அவர் அளித்த பிராயச்சித்தம் இன்னதென நான் கேட்கவில்லை. அஃது அவர்கள் இருவர்க்கும் உரியது.

நான் கேட்டது ஒன்றே: "அப்பாவின் கையிலுள்ள சாவியை நீ வாங்கிக்கொள். முதலுதவி பயின்றுகொள். சாலையில் விழுந்தவரைக் கண்டால், யார் தள்ளியதாயினும், நில்."

விபத்து நேர்ந்தால் காயமுற்றவர்க்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தலும், 24 மணி நேரத்திற்குள் காவல் துறைக்குத் தெரிவித்தலும் ஓட்டுநரின் கடமை என 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. நன்மனத்தோடு உதவுவோர்க்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பும் அளித்துள்ளது. அஞ்சி விலகிச் செல்லக் காரணம் இல்லை.

இப்பொழுது அவனே ஓட்டுகிறான். புறப்படுமுன் ஒருமுறை பஞ்ச நமஸ்காரம். வளைவுகளில் 40க்கு மேல் இல்லை. "மாட்டுவண்டி இதைவிட விரைவாகப் போகும்" என்று தந்தை குறைகூறுவதாக அவன் அன்னை சிரித்துக்கொண்டே கூறினாள். உறுத்தல் முற்றும் நீங்கிவிட்டதா என்று அவனைக் கேட்டேன். "இல்லை பாட்டி. ஆனால் இப்போது அது என்னோடு முன் இருக்கையில் அமர்ந்து சாலையைப் பார்க்கிறது" என்றான். அதுவே போதும்.

சிந்தனைக்கு

1. திரவிய ஹிம்சை, பாவ ஹிம்சை ஆகியவற்றை உங்கள் வாழ்வில் நேர்ந்த ஓர் எடுத்துக்காட்டால் வேறுபடுத்துக.

2. பிரமாதம் பதினைந்தனுள், சாலையில் உங்களிடம் மிகுதியாக உள்ளது எது? ஒரு வாரம் குறித்து வருக.

3. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கத் தேவைப்படும் தொலைவைக் கணக்கிட்டு, உங்கள் ஊர் வளைவில் தெரியும் தொலைவோடு ஒப்பிடுக.

4. பெற்றோர்க்கு: பிள்ளையிடம் சாவியைக் கொடுக்குமுன் நீங்கள் கற்பித்தது என்ன?

வளர்க அறம்! ஓங்குக அகிம்சை!