பிறப்பது ஆணா, பெண்ணா? தாயைப் பழிக்காதீர்கள்!



"இவ வயித்துல பொட்டப்புள்ளயாத்தான் பொறக்குது." இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம் பக்கத்தில் உண்டோ? இந்தப் பேச்சினால் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் உண்டு. ஆண் வாரிசு வேண்டுமென்று இன்னொரு கல்யாணம் செய்துகொண்ட ஆண்களும் உண்டு. குழந்தை ஆணாவதும் பெண்ணாவதும் எப்படி என்று தெரிந்துகொண்டால் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள்.

உயிரணு என்பது என்ன?

செங்கல் செங்கல்லாக வீடு கட்டுவது போல, நம் உடம்பு உயிரணுக்களால் ஆனது. இதைச் 'செல்' என்றும் சொல்வார்கள். மைக்ராஸ்கோப் என்னும் கருவியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். செல்லின் உள்ளே உட்கரு இருக்கிறது. அதற்குள் நூல் நூலாக இருப்பவை குரோமோசோம்கள். தோலின் நிறம், முடியின் சுருள், உயரம் முதலிய பரம்பரைக் குணங்கள் இவற்றின் வழியாகத்தான் வருகின்றன. மனிதருக்கு 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடி. இந்தக் கணக்கு 1956-ஆம் ஆண்டில்தான் சரியாகத் தெரிய வந்தது.

செல் எப்படிப் பெருகுகிறது?

ஒரு செல் இரண்டாகப் பிரியும். பிரியும் முன் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போலவே ஒரு நகல் உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே இரண்டு புதிய செல்லுக்கும் முழுசாக 46 கிடைக்கும். காயம் ஆறித் தோல் மூடுவது இப்படித்தான்.

வாழையைப் பாருங்கள். தென்னூர் உழவர் சந்தைக்குக் காய்கறியும் பழமும் கொண்டு வரும் விவசாயிகளுக்கு இது தெரிந்த சேதி. தாய்மரத்தின் கிழங்கில் செல்கள் பிரிந்து பிரிந்துதான் பக்கக்கன்று முளைக்கிறது. அதனால் பூவன் கன்று பூவனாகவே இருக்கும். அதில் தகப்பன் பங்கு என்று ஒன்று கிடையாது.

மனிதக் குழந்தை அப்படி வருவதில்லை. தாய், தகப்பன் இருவர் பங்கும் வேண்டும். இருவரும் 46, 46 என்று கொடுத்தால் குழந்தைக்கு 92 ஆகிவிடுமே! அதனால் தாயின் சினைமுட்டையும் தகப்பனின் விந்தணுவும் உண்டாகும்போது மட்டும் வேறு விதமான பிரிவு நடக்கிறது. ஜோடி பிரிந்து, ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் போகிறது. தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23, சேர்ந்தால் 46.

ஆணும் பெண்ணும் எப்படி?

இந்த 23 ஜோடியில் ஒரு ஜோடிதான் ஆண், பெண் என்பதைத் தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு அந்த ஜோடி எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். 1905-இல் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி ஒரு வகை வண்டின் செல்களை ஆராய்ந்து இந்த வித்தியாசத்தைக் கண்டார்.

தாயின் எக்ஸ் + தகப்பனின் எக்ஸ் = பெண் குழந்தை
தாயின் எக்ஸ் + தகப்பனின் ஒய் = ஆண் குழந்தை

தாயிடம் ஒய் கிடையாது. இல்லாததை அவள் எப்படிக் கொடுப்பாள்?

அப்படியானால் குற்றம் கணவன்மேலா? அதுவும் இல்லை. கோடிக்கணக்கான விந்தணுக்களில் ஏறக்குறையப் பாதி எக்ஸ், பாதி ஒய். முட்டையோடு எது சேரும் என்பது எவர் கையிலும் இல்லை.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: ரெண்டும் பொண்ணு. மூணாவது ஆணாத்தானே இருக்கும்?
பதில்: அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான். மூன்று குழந்தை பெற்ற எட்டுக் குடும்பங்களை எடுத்துக்கொண்டால், சுமார் ஒரு குடும்பத்தில் மூன்றும் பெண்ணாகவே இருக்கும். ஆண் வேண்டுமென்று அடுத்தடுத்துப் பெற்றால் தாயின் ரத்தம் குறைந்து உடம்பு தளரும்.

கேள்வி: கர்ப்பமான பிறகு மருந்து சாப்பிட்டா ஆணா மாத்தலாமாமே?
பதில்: முடியாது. முட்டையும் விந்தணுவும் சேர்ந்த அந்த வேளையிலேயே எக்ஸா, ஒய்யா என்பது முடிந்துவிடுகிறது. எந்த லேகியமும் அதை மாற்றாது. இன்னதென்று தெரியாத மருந்து வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு செய்யக்கூடும்.

கேள்வி: ஸ்கேன்ல கேட்டுத் தெரிஞ்சுக்கலாமா?
பதில்: குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க டாக்டர் சொன்னபடி ஸ்கேன் எடுப்பது நல்லது. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம். இதற்கான சட்டம் 1994-இல் வந்தது, 2003-இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. இதற்காகப் போகிறவர்களுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ.50,000 வரை அபராதமும் உண்டு. மனைவி போனாலும், கணவனும் உறவினரும் கட்டாயப்படுத்தியதாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும்.

நினைவில் வையுங்கள்

1. ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணுவைப் பொறுத்தது.
2. அதற்காகத் தாயையும் பழிக்க வேண்டாம், தகப்பனையும் பழிக்க வேண்டாம்.
3. இரண்டும் பெண்ணானால் அந்த இரண்டையும் நன்றாகப் படிக்க வையுங்கள்.
4. இந்தச் சேதியை வீட்டில் மாமியார், மாமனாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

குடும்ப நல முறைகள் பற்றி உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள்.